பண்ணைப்புரத்து வீடு

நாய்க்குட்டி கொடுக்குமுன் வீட்டைப் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். பண்ணைப்புரத்தில் ஒரு வீட்டில் குட்டி கேட்கிறார்கள் என்று விஜிதான் சொன்னாள். ஆனால் அவள் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. நான் மட்டும் போய் வந்தேன்.

"அந்தம்மா என்ன சொன்னாக, ஜெஸ்லின்?"

"எப்பவும் கட்டித்தான் போடுவாகளாம். வாசலைத் தாண்ட விடமாட்டாகளாம். மிச்சம் மீதிதான் சாப்பாடாம்."

"மகன் இருந்தாரா?"

"சத்தம் போட்டா மிதிதான்னு சிரிக்கிறாரு. இங்கன வேணாம்டி. குட்டி பாவம்."

விஜி மடியில் தூங்கிய குட்டியைத் தடவினாள்.

"சரி, இதை வேற வீட்டுக்குக் குடுத்துரலாம்."

"அதுக்கு ஏன்டி அழுற?"

"வர்ற தையில என்னைய இந்த வீட்டுலதான் கட்டிக் குடுக்குறாக."