நல்ல கிருமி

"கிருமியால நோய் வரும்னுதானே டாக்டர் படிச்சிருக்கோம்? நீங்க அதையே பாக்கெட் போட்டுக் கொடுக்கிறீங்க?"

கோழிப்பண்ணைக்காரர் தலையைச் சொறிந்தார். கால்நடை டாக்டர் சிரித்தார்.

"இது நல்ல கிருமிங்க. குஞ்சு வந்த முதல் நாளே தண்ணியில கலந்துடுங்க. குடல் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்துக்கும். அப்புறம் கெட்ட கிருமிக்கு ஏது இடம்? வந்த வழியே போயிடும். ஆன்டிபயாடிக் மட்டும் கூடாது. நல்லதும் சேர்ந்து செத்துடும்."

பண்ணைக்காரரின் மனைவி பாக்கெட்டைப் பத்திரமாக வாங்கி வைத்தாள்.

டாக்டர் தலை மறைந்ததும் பண்ணைக்காரர் முனகினார். "சித்தப்பா வருவாரே?"

அதுதான் சிக்கல். ஒவ்வொரு முறையும் குஞ்சு வருவதற்கு முந்தின நாள் சித்தப்பா ஆன்டிபயாடிக் டப்பாவோடு வந்து இறங்குவார். கோழி விற்கும்வரை நகர மாட்டார். யாரையும் கேட்காமல் தண்ணீர்த் தொட்டியில் மருந்தைக் கொட்டுவார். போன தடவை அப்படிக் கொட்டியும் பாதிக் குஞ்சு கழிச்சலில் போனது. இந்தத் தடவையும் போனால் பண்ணையை மூட வேண்டியதுதான். ஆனால், கொட்டகை போட்டுக் கொடுத்த மனிதரை வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

"நீ சொல்லேன்."

"நல்லா இருக்கே. உங்க சித்தப்பா, நான் கெட்ட பேர் வாங்கணுமா?"

குஞ்சு வருவதற்கு முந்தின நாள் காலை மச்சான் குடும்பத்தோடு வந்தார். பதினொரு மணிக்குச் சகலை, நான்கு வாண்டுகளோடு. மதியம் மாமனாரும் மாமியாரும், இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு.

"குஞ்சு வர்ற நேரத்துல உங்க வீட்டுப் படை எதுக்குடி?"

"லீவுங்க. வந்தவங்களைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளவா?"

மாலையில் சித்தப்பா டப்பாவோடு வந்து நின்றார். கூடத்தில் மச்சான் கால் நீட்டியிருந்தார். அறையில் மாமனாரின் குறட்டை. சித்தப்பாவின் வழக்கமான சாய்வு நாற்காலியில் சகலை. எழுந்திருக்கிற உத்தேசமே இல்லை. குளியலறை வாசலில் ஐந்து பேர் வரிசை.

"உட்காரக்கூட இடமில்லையேடா. கோழி வளர்ந்ததும் வர்றேன்," என்றவர், நின்றபடியே டீயைக் குடித்துவிட்டு, டப்பாவோடு அடுத்த பஸ் ஏறினார்.

பண்ணைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தங்கள் அதிர்ஷ்டத்தைச் சொல்லச் சமையலறைக்கு ஓடினார். மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் சார், நீங்க சொன்ன வழி பிரமாதமா வேலை செய்யுது."

"குஞ்சே நாளைக்குத்தானேம்மா வருது?" என்று ஸ்பீக்கரில் டாக்டர் குழம்பினார்.

"குஞ்சுக்கு நாளைக்குத்தான் சார். வீட்டுக்குக் காலையிலேருந்து மூணு டோஸ் கொடுத்துட்டேன்."