கோச் சொல்லி அனுப்பியது

ஓடிப்போய்ச் சேதி சொல்வதற்கென்றே வைத்த ஆள் ஆடி அசைந்து நடந்துபோனால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

வாரபின் ஃபுட்பால் கிளப்பில் எல்லாருக்கும் வந்தது. அந்த ஆள் லிண்ட்சே. அந்த ஊர் ஃபுட்பாலில் கோச் கத்தினால் எட்டாத அளவுக்குப் பெரிய மைதானம்; சேதி சொல்ல ஒரு ஆள் உள்ளே போகலாம் என்பது விதி. அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, ஆட்டத்துக்கு நடுவே உள்ளே ஓடி, ஆட்டக்காரன் காதில் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கே லிண்ட்சேக்கு ஊர் வைத்த பெயர் ஆமை.

கோப்பை ஜெயித்து நாற்பது வருஷம் ஆனதென்று, அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பழைய ஆட்கள் எல்லாரும் கிளப் ஹாலில் கூடியிருந்தார்கள்.

“ஆமை, கறி அடைச்சுச் சுட்ட இந்த மீட் பையை இங்கயே நின்னு சாப்பிட்டுடு. நீ மேசைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஆறிடும்,” என்றார் நோலீன். அன்றிலிருந்து இன்றுவரை கிளப் சமையலறை அவர் ராஜ்ஜியம்.

ஹாலே சிரித்தது. லிண்ட்சேயும் சிரித்தார். பழகிவிட்டது.

கோச் மெர்வினுக்கு எண்பத்துநாலு வயது. இடுப்பில் ஆபரேஷன், கையில் தடி. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

“கேட்டுக்கோங்கடா! பதினோரு வருஷம் கோச்சா இருந்தேன். ஒருத்தனைக்கூட ஒரு வார்த்தை பாராட்டினதில்ல. திட்டினேன். திட்டித் திட்டியே கோப்பையை வாங்கினேன்!”

“நீங்க திட்டினது சரி, கோச். கொண்டுவந்தது ஆமையாச்சே! முதல் பாதியில திட்டினது ரெண்டாம் பாதியிலதான் வந்து சேரும்,” என்றார் கிளைவ். அந்தக் காலத்தில் அணியிலேயே நெட்டையன். இப்போது அகலத்திலும் முதலிடம்.

மறுபடி சிரிப்பு. அது அடங்குவதற்குள் கெல்வின் எழுந்து மைக்கைப் பிடித்தார். வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசாத மனுஷர். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“எனக்குப் பேச வராது. ஒரே ஒரு விஷயம். அந்த ஃபைனல்ல எனக்குப் பத்தொன்பது வயசு. நான் மறிக்க வேண்டிய ஆளு பாதி ஆட்டத்துக்குள்ள அஞ்சு கோல் போட்டுட்டான். அப்பதான் கோச் எனக்கு ஒரு சேதி அனுப்பினார்.”

லிண்ட்சே மீட் பையைத் தட்டில் வைத்துவிட்டார்.

“‘அவனைப் பிடிக்க உன்னை விட்டா நமக்கு ஆள் கிடையாது, உன்னை நம்பித்தான் நிம்மதியா உட்கார்ந்திருக்கேன்’னு சொல்லி அனுப்பினார். அதுக்கப்புறம் அவனை ஒரு கோல் போட விட்டேனா?”

“விடல!” என்று கத்தினார்கள் எல்லாரும்.

“அப்புறம் மூணு வருஷம் மழையில்லாம கோதுமை காஞ்சுது. பண்ணையைப் பூட்டிட்டுப் போயிடலாம்னு ரெண்டு தரம் லாரியில சாமானை ஏத்திட்டேன். ரெண்டு தரமும் இந்த வார்த்தைதான் ஞாபகம் வந்துச்சு. மெர்வினே என்னை நம்பினாரே, இன்னும் கொஞ்சம் நின்னு பார்ப்போம்னு இறக்கி வெச்சேன்.” மெர்வின் பக்கம் திரும்பினார். “ஞாபகம் இருக்கா, கோச்?”

லிண்ட்சேக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கோச் சொல்லி அனுப்பியது இதுதான்: “இன்னொரு கோல் விட்டான்னா அவனுக்கு பஸ்ல இடமில்ல, நடந்தே ஊருக்கு வரட்டும். அவன் நிக்கிற இடத்துல வேலிக்கம்பை நட்டிருந்தாக்கூட நாலு பந்தைத் தடுத்திருக்கும்னு போய்ச் சொல்லு!”

அன்று லிண்ட்சே வேகமாகத்தான் கிளம்பினார். அந்தப் பையன் முகத்தைப் பார்த்ததும் கால் ஓட மறுத்துவிட்டது. நடந்தார். நடக்க நடக்க யோசித்து, வேறொன்றைத் தயார் பண்ணிக்கொண்டுபோய்ச் சொன்னார்.

மெர்வினோ சொன்ன சொல் ஒன்றையும் மறக்காதவர். உபசாரத்துக்குக்கூடப் பொய் சொல்ல வராது. ‘நான் சொல்லலையே’ என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், கெல்வின் இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டு நின்றது கையோடு வந்துவிடும்.

“நானா?” என்றார் மெர்வின்.

கெல்வினைப் பார்த்தார். பிறகு லிண்ட்சேயைப் பார்த்தார். லிண்ட்சே, நாளைக்குப் பரீட்சை இருப்பதுபோல, தக்காளி சாஸ் பாட்டிலில் ஒட்டியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

மெர்வின் தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

“ஞாபகம் இல்லாமப் போகுமா? சொன்னேன். வேற எவன்டா இருந்தான் எனக்கு?”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கெல்வின் வந்து குனிந்து கோச்சைக் கட்டிக்கொண்டார். நோலீன் ஏப்ரனால் கண்ணைத் துடைத்து, யாரும் கேட்காமலே, “வெங்காயம்,” என்றார்.

“ஒருத்தனையும் பாராட்டினதில்லைன்னு இப்பதானே சொன்னீங்க!” என்றார் கிளைவ்.

“உன்னைப் பாராட்டினதில்லைன்னேன். உட்காருடா.”

“அதெப்படி? எனக்கும்தான் ஒண்ணு சொல்லி அனுப்பினீங்க! யாரும் நம்ப மாட்டாங்கன்னு இத்தனை நாள் வெளிய சொல்லாம இருந்தேன். கெல்வின், அந்த மைக்கை இப்படிக் குடு.”

கிளைவ் மேடைக்கு நடந்தார். அவர் பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

மெர்வின் தன் நாற்காலியை லிண்ட்சே பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“டேய்.”

“சொல்லுங்க, கோச்.”

“நான் பஸ்ஸைப் பத்தித்தானே சொல்லி அனுப்பினேன்?”

“ஆமாங்க.”

“எத்தனை தரம் இப்படிப் பண்ணியிருக்க?”

“பதினோரு வருஷமும்தான், கோச்.”

மேடையில் கிளைவ் மைக்கைத் தட்டி, “ஹலோ, ஹலோ,” என்றார்.

மெர்வின் லிண்ட்சேயின் கையை இறுக்கிப் பிடித்தார்.

“அவன் ஆரம்பிக்கிறதுக்குள்ள சீக்கிரம் சொல்லுடா. அவனுக்கு நான் என்ன சொன்னேன்?”