எழுபது டிகிரியில் ஒரு திங்கட்கிழமை

மயக்கம் ஏன் வருகிறதென்று பார்க்கும் சாய்வு மேசை எழுபது டிகிரிக்கு நிமிர்ந்து நின்றது. அதில் மார்பிலும் முட்டியிலும் பட்டை கட்டப்பட்டிருந்த டெக்னீஷியன் திரையைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழக்கமாக மற்றவர்களைக் கட்டிவைப்பவள் அவள்தான்.

திங்கட்கிழமைகளில் மட்டும், நோயாளிகளைக் கூப்பிடும் முன் ஆரோக்கியமான ஒருவரை ஏற்றி இயந்திரத்தைச் சரிபார்க்க வேண்டும். அவர் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். மாத்திரை எதுவும் போட்டிருக்கக் கூடாது. அட்டெண்டர் அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை. டாக்டர் காபி குடிக்காமல் வாசற்படி தாண்ட மாட்டார். மிச்சம் இவள் ஒருத்தி.

முந்தைய டாக்டர் இந்தச் சோதனையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இவள் தானே ஏறி, தானே இறங்கி, தானே எண்களை எழுதிவைப்பாள். புதிதாக வந்த டாக்டர் இன்று பக்கத்திலேயே நின்றார்.

"படுத்திருந்தப்ப நாடி எழுபத்தி நாலு. இப்ப நூத்திப் பன்னெண்டு," என்றார்.

எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும். தன்னியக்க நரம்புகள் நம்மைக் கேட்காமலேயே குழாய்களை இறுக்கி அதை மேலே அனுப்பும். வேலை ஒழுங்காக நடந்தால் நாடித்துடிப்பு பத்தோ பதினைந்தோ கூடும். முப்பதைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் கோளாறு. பதினோரு வருடமாக இதை அவள் தினமும் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிவருகிறாள். சொல்லிச் சொல்லி வாய்க்கு அர்த்தமே மறந்துவிட்டது.

மார்பில் ஒட்டியிருந்த வயர்களை மாற்றினார்கள். அட்டெண்டர் அக்கா கேபிளைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினாள்.

நூற்றுப் பதினான்கு.

"போன வாரத் தாள்ல எண்பத்தொண்ணுன்னு இருக்கே?"

"மெஷின்தான் சார் மக்கர் பண்ணுது," என்றாள் அட்டெண்டர் அக்கா. "இவ குதிரையாச்சே. காலையில நிக்க ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் நிப்பா. நான்தான் உட்காருறதுக்கு இடம் தேடுவேன்."

டெக்னீஷியன் சுவரிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

அவள் ஒப்பந்த ஊழியர். நிற்க முடியாதவர்களுக்கு இந்த அறையில் ஒப்பந்தம் நீளாது. இடுப்புவலி என்று வாய்தவறிச் சொன்ன முந்தைய டெக்னீஷியனுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, கைதட்டி அனுப்பிவைத்தார்கள்.

டாக்டர் மேசையைத் தாழ்த்திப் பட்டைகளை அவிழ்த்தார். கம்பெனி ஆள் வர இரண்டு வாரமாவது ஆகும், இன்றைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றார்.

எட்டுப் பேர். மூன்று மாதம் காத்திருந்து தேதி வாங்கியவர்கள்.

பட்டியலோடு வெளியே போனாள். முதல் பெயருக்குரியவள் பெஞ்சின் ஓரத்தில் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற கணவன் நடைவழிக்கே கேட்கிற மாதிரி பேசினான்.

"மெஷின் ரிப்பேரா? நல்லதாப் போச்சு. அடுப்படின்னா மயக்கம், அம்மா வீட்டுக்குன்னா தெளிவு. இதுக்கு மெஷின் வேற வேணுமா?"

அவன் வண்டியை எடுக்கப் போனதும் அவள் டெக்னீஷியனின் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது அந்தக் கை.

"இன்னைக்கு விட்டா மறுபடி கூட்டிட்டு வரமாட்டாருக்கா. நடிக்கிறேன்னே முடிவு பண்ணிடுவாங்க."

டெக்னீஷியனுக்குக் கையை விடுவித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எங்கேயும் போயிடாதே. இங்கேயே உட்காரு."

உள்ளே டாக்டர் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அட்டெண்டர் அக்கா இயந்திரத்துக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்."

டாக்டர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

அவள் மேசை விளிம்பில் உட்கார்ந்தாள். குனிந்து, பேண்ட்டின் ஒரு காலை முட்டிவரை சுருட்டினாள். உள்ளே, தோல் நிறத்தில், சதையைக் கவ்விப்பிடித்திருந்தது ஓர் இறுக்கமான நீளக் காலுறை. ரத்தம் காலில் தேங்காமலிருக்க அந்த அறையிலிருந்து நோயாளிகளுக்கு எழுதிக்கொடுப்பது.

"இதைப் போட்டுக்கிட்டு நூத்திப் பதினாலு சார். கழட்டிட்டா நூத்தி முப்பத்தஞ்சு. எட்டு மாசமா அப்படித்தான், தாள்லதான் மாத்தி எழுதினேன்."