ஹாலில் தொங்கிய ராஜா

ராஜவேலுவின் அடையாறு வீட்டு ஹாலில், பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கினார் ராஜா. மீசை ஒரு முழம், தலைப்பாகை இரண்டு முழம்.

"பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம். எங்க அப்பா வழி முப்பாட்டனாருக்கு முப்பாட்டனார்," என்றார் ராஜவேலு. "மூக்கைப் பாருங்க, அப்படியே என் மூக்கு."

தணிகாசலம் பார்த்தார். ராஜாவுக்கு இருந்தது மூக்கு. ராஜவேலுவுக்கு இருந்தது வெயிலில் காய்ந்த வடகம். ஆனால் அந்த வடகம்தான் ஆபீஸில் மேலதிகாரி. தன் பையனுக்குப் பெண் கேட்கிறவரிடம் மாட்டேன் என்றால், மறுநாளே தூத்துக்குடிக்குத் தூக்கியடித்துவிடுவார்.

"எங்க வம்சத்துல மருமக பெரியவங்க எதிர்ல உட்கார்ற வழக்கமில்லை," என்றார் ராஜவேலு.

நின்றுகொண்டே இருந்த மகள் அபிநயா, அப்பாவைப் பார்த்தாள்.

தணிகாசலம் எழுந்துபோய்ப் படத்தின் முன் கைகூப்பினார். திரும்பியபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல சார். எங்களுக்கும் இவர்தான் அப்பா வழி முப்பாட்டனாருக்கு முப்பாட்டனார். மயிலாப்பூர்ல எங்க வீட்டுலயும் இதே படம் மாட்டியிருக்கு."

"என்னய்யா சொல்றே?"

"நாம பங்காளிங்க சார். உங்க பையன் அபிநயாவுக்கு அண்ணன் முறை. கல்யாணம் பேசினதே பாவம்."

ராஜவேலு வாயைத் திறந்தார். ராஜாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

ஆட்டோவில் ஏறியதும் மனைவி கோமதி கேட்டாள். "நம்ம வீட்டுல ஏதுங்க ராஜா படம்?"

"வண்டியைப் பாண்டி பஜாருக்கு விடுப்பா," என்றார் தணிகாசலம். "அங்க ஒரு ஃபிரேம் கடையில அந்த மீசைக்கார ராஜாவை அச்சடிச்சு மலையா குவிச்சு வெச்சிருக்கான். இந்தாளு வந்து பார்க்கிறதுக்குள்ள ஒண்ணை மாட்டிடணும்."

"அந்தக் கடை ராஜாவா சார்? எங்க வூட்லயும் ஒண்ணு கீது," என்றார் டிரைவர்.

"அப்போ நீயும் நமக்குப் பங்காளிதான்."