வக்கீலின் நாய்

"மறுபடியும் வந்துட்டாரா? இன்னைக்கு என்ன கேஸாம்?"

டாக்டரம்மாவின் கையில் ஊசி, குரலில் எரிச்சல். வரிசையில் முதல் ஆளாக அதே மனிதர். கயிற்றின் மறுமுனையில் அதே செவலை நாய்.

வேன் டிரைவர் அந்த மனிதரிடம் உள்ளூர் மொழியில் பேசிவிட்டுத் திரும்பினார். நகரத்திலிருந்து அமர்த்திக்கொண்ட அவர்தான் குழுவுக்கு வாயும் காதும்.

"நாய் ராத்திரியெல்லாம் பெருமூச்சு விடுதாம் டாக்டர்."

"பெருமூச்சு நான்தான் விடணும்!"

லீவு போட்டு, கைக்காசைச் செலவழித்து, கடல் தாண்டி ஆறு பேர் இந்த ஊருக்கு வந்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்க ஆளே கிடையாது. குழுவில் டாக்டரம்மா ஒருவருக்குத்தான் வைத்தியம் தெரியும். மற்றவர்கள் நாயைப் பிடிக்கவும், பூனையிடம் பிறாண்டல் வாங்கவும், தண்ணீர் சுமக்கவும். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டு முகாம் நடந்தது. வெறிநாய் கடித்து இங்கே ஆட்கள் செத்திருந்தார்கள். திரும்பிப் போவதற்குள் ஊரிலுள்ள எல்லா நாய்க்கும் தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் பிடிவாதம். நாளையோடு முகாம் முடிகிறது. பாதி ஊர் பாக்கி இருந்தது.

முதல் நாள் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. வந்தவர் இவர் மட்டும்தான். நாய் நொண்டுகிறது என்றார். தடுப்பூசி போட்டுக் காலைத் தடவிப் பார்த்து அனுப்பினார்கள். நாய் குதித்துக்கொண்டு போயிற்று. மறுநாள் சாப்பிட மறுக்கிறது என்றார். சொல்லி முடிப்பதற்குள் நாய் குழுவிலிருந்த மேனேஜரின் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்திருந்தது. அப்புறம் காது கேட்கவில்லை என்றார். மூலையில் ஒரு ஸ்பூன் விழுந்ததும் நாய் துள்ளி எழுந்து குரைத்தது. தினம் ஒரு கேஸோடு வருவதால் குழு அவருக்கு 'வக்கீல்' என்று பெயர் வைத்துவிட்டது.

"வந்தோமா, போனோமான்னு இருக்காரா மனுஷன்?" என்று பொருமினார் மேனேஜர். பேங்கில் ரிட்டயர் ஆனவர். வரிசையைக் கட்டி மேய்க்கும் வேலையை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவர். "வீடு பின்னாடி சந்துலதான். ஆனா நாயைக் கூட்டிக்கிட்டு கடைத்தெரு, குழாயடி எல்லாம் சுத்திட்டுத்தான் போறார். என்னமோ ஊர்வலம் விடுற மாதிரி! அவர் வெளியே வர்ற வரைக்கும் மத்தவங்களும் உள்ள நுழைய மாட்டேங்கிறாங்க."

"கூட்டம் என்னமோ நாளுக்கு நாள் ஏறுதே சார்" என்றார் டிரைவர்.

"பின்னே? நான் ஒட்டின நோட்டீஸ் அப்படி!" மேனேஜர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா நாயின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். காய்ச்சல் பார்த்தார்.

"எனக்கே இவ்வளவு நல்ல உடம்பு இல்ல. வெளியே எத்தனை பேர் நிக்கிறாங்க? கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கச் சொல்றார் டாக்டர்."

அவ்வளவுதான், பொறுமை போயே போய்விட்டது.

"அவ்வளவு சந்தேகமா? சரி, நாய் இங்கேயே இருக்கட்டும். ராத்திரி முழுக்க பக்கத்துல உட்கார்ந்து நானே பெருமூச்சை எண்ணிக்கிறேன். நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போகட்டும். கேஸ் முடிஞ்சுது!"

டிரைவர் சொல்லச் சொல்ல வக்கீலின் முகம் வெளுத்தது. இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார்.

"இப்போ சரியாயிடுச்சாம் டாக்டர். கூட்டிட்டுப் போறாராம்."

"பார்த்தீங்களா, எவ்வளவு சீக்கிரம் குணமாச்சு! முடியாது. இன்னைக்கு இவருக்கு ஒரு பாடம் சொன்னாத்தான் சரிப்படும்."

டாக்டரம்மாவே கயிற்றைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு, நாயை உள்ளறைக்கு நடத்திக்கொண்டு போனார். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மாவின் கோபத்தைப் பார்த்துவிட்டு மென்று விழுங்கினார். பிறகு மெல்ல வெளியே போனார்.

நாய்க்குத் தண்ணீர் வைத்து, கையைக் கழுவிக்கொண்டு டாக்டரம்மா திரும்பி வந்தார். மனசு லேசாக இருந்தது. இனி வேலை மளமளவென்று நடக்கும்.

"அடுத்தது!"

யாரும் வரவில்லை.

"அடுத்தது! சார், தூங்கிட்டீங்களா?"

மேனேஜர் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பேயறைந்தவர் போல் வந்தார். "ஒருத்தரும் இல்ல டாக்டர். மைதானமே காலி. எவனோ என் நோட்டீஸைக் கிழிச்சுட்டான்!"

"விளையாடாதீங்க சார். இப்பத்தானே கேட் வரைக்கும் நின்னாங்க?"

விசாரிக்க ஓடிய டிரைவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"டாக்டர், அந்த நாயைக் கூட்டிக்கிட்டு உடனே தெருவுக்கு வாங்க. நீங்களே பிடிச்சுக்கிட்டு நடக்கணும். கடைத்தெரு, குழாயடி, ஒண்ணு விடாம."

"எனக்கென்ன பைத்தியமா? எதுக்கு?"

"ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி வெளியூர்க்காரங்க வந்தாங்களாம். ஊசி போட்டுத் தர்றோம்னு நாய்களை வாங்கிட்டுப் போனாங்களாம். ஒண்ணுகூட வீடு திரும்பலையாம். நீங்க அப்படி இல்லைன்னு நம்பின ஒரே ஆள் நம்ம வக்கீல்தான். முகத்துக்கு நேரா அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, உள்ள போன நாய் உசுரோட வருது பாருங்கன்னு தினமும் தெருத்தெருவா காட்டிட்டு இருந்திருக்கார்."

"சரி... அதுக்கு இன்னைக்கு ஏன் எல்லாரும் ஓடினாங்க?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் வெறுங்கயிறோட வெளியே வந்ததை அத்தனை பேரும் பார்த்துட்டாங்க டாக்டர்."