நல்ல தண்ணீர்

கரும்புக்குத் தண்ணீர் பாயும் நேரமெல்லாம் நர்மதா மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து தீவுப் பயணப் புத்தகங்கள் படிப்பாள். இப்போது கையிலிருப்பது ஆளில்லாத ஒரு தீவைப் பற்றியது.

“சின்னசேலத்தத் தாண்டாதவளுக்குத் தீவு இன்னாத்துக்கு?” என்று சிரிப்பான் கணவன் அஜித்குமார்.

இந்த வாரம் மழையே இல்லாமல் கிணற்றுத் தண்ணீர் காலையில் ஏறி, மதியம் இறங்கியது. மாடுகள் அதை முகர்ந்துவிட்டு விலகின. நர்மதா நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

“எறங்கிப் பாத்துட்டு வரேன்,” என்று அஜித்குமார் கிணற்றுக்குப் போனான்.

வெகுநேரமாகியும் அவன் ஏறி வரவில்லை. அவள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். படியில் செருப்பு மட்டும் இருந்தது. தண்ணீர் அசையவில்லை.

அடியிலிருந்து, வெகு தொலைவில் காற்றுக்கு எதிரே கத்துவதுபோல், அவன் குரல் வந்தது.

“நர்மதா, பொஸ்தகத்தப் பாரு. அந்தத் தீவுல குடிக்க நல்ல தண்ணி எங்க கெடைக்கும்னு போட்ருக்குது?”