பச்சைப் பூஜ்யம்

பெரிய அதிகாரியின் கார் வாசலில் வந்து நின்றபோது, டப்பாக்காரன் பழைய கன்டெய்னரை அழித்துவிட்டுப் புதியதை ஓடவிட்டிருந்தான்.

வெள்ள நிவாரண முகாமில் அவனுக்கு அதுதான் பெயர். காணாமல் போனவர்களைப் பதியும் இணையச் செயலியை எழுதியவன். சாஃப்ட்வேரைக் கன்டெய்னர் என்ற ஒரு டப்பாவில் அடைத்துவிட்டால் எந்த மெஷினிலும் ஓடும் என்று வாய் ஓயாமல் சொன்னவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

முதல் நாளே நோட்டுப் புத்தகங்களை மூட்டை கட்டச் சொன்னவனும் அவன்தான். இந்தக் காலத்தில் யாராவது பேப்பரைக் கட்டிக்கொண்டு அழுவார்களா?

மூன்று நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் பதிவாகியிருந்தார்கள். தினமும் காலையில் பட்டியலின் முதல் வரியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அவன் வேலையைத் தொடங்குவான். செயலி ஓடுகிறதா என்று பார்க்கிறான் போலும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

அதிகாரி வருகிறார், இன்னும் கிடைக்காதவர்களின் எண்ணிக்கை திரையின் உச்சியில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றார் முகாம் பொறுப்பாளர். ஒருவர் பாக்கியிருந்தாலும் சிவப்பு, யாரும் இல்லையென்றால் பச்சை என்று வைத்தான். அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. இந்த மாற்றத்துக்காகத்தான் பழைய டப்பாவை அழித்துப் புதியதை ஓடவிட்டான்.

திரை திறந்தது. கொட்டை எழுத்தில், பச்சையில், பூஜ்யம்.

அவன் ரெஃப்ரெஷ் அழுத்தினான். பூஜ்யம். மறுபடி அழுத்தினான். பூஜ்யம்.

டேட்டாவை டப்பாவுக்கு வெளியே ஒரு ஃபோல்டரில் சேமிக்கச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். முதல் நாள் அவசரத்தில் விட்டது. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று மூன்று நாள் ஓட்டியாயிற்று. இப்போது டப்பாவோடு சேர்த்து உள்ளே இருந்த அத்தனை பேரையும் அழித்துவிட்டான், படுபாவி!

அதற்குள் அதிகாரி திரைக்கு முன்னால் வந்து, கூட வந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா, ஒருத்தர்கூட பாக்கி இல்ல! எல்லாரும் கிடைச்சுட்டாங்க!"

கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். பொறுப்பாளர் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தான்.

கார் போனது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்திருந்த வரிசையை உள்ளே விட்டார்கள். முதலில் வந்தவள் ஒரு போட்டோவைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தாள்.

"தம்பி, முந்தாநாள் எங்க வீட்டுக்காரர் பேரைக் குடுத்தேனே, ஏதாவது தெரிஞ்சுதா?"

மறுபடியும் முதலிலிருந்து சொல்லுங்கள் என்றுதான் அவளிடம் கேட்க வேண்டும். உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டு, புதிய பதிவு என்ற பொத்தானை அழுத்தினான்.

நானூற்றுப் பன்னிரண்டில் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான். அந்த முதல் வரியை அடித்தான்.

வயது பத்தொன்பது. இடது புருவத்தில் தழும்பு. கடைசியாகப் பார்த்த இடம், வீட்டு மாடிப்படி. தேடுகிறவரின் போன் என்ற கட்டத்தில் தன் நம்பரைப் போட்டான்.

உறவு: தங்கை.